அரைவேக்காட்டின் நேர்த்தி

தமிழில் ஒருவரை 'அரைவேக்காடு' என்பது ஏச்சு. ஆயினும் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில், ஆத்தூர் தொடங்கி ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் வரை பரவியுள்ள சேகோ ஆலைகளில், ஒரு பொருளைப் பாதி வெந்ததும் பாதி வேகாததுமான நிலையில் சரியாக நிறுத்துவதே தொழில்திறனின் அளவுகோலாக இருக்கிறது. அங்கே உருவாகும் ஜவ்வரிசி மணியின் மேல்தோல் வெந்து இறுகியிருக்கும். உள்ளே இருப்பது இன்னும் பச்சை மாவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எங்கே விழவேண்டும் என்ற தீர்மானத்தில்தான் இக்கைத்தொழிலின் அழகு அடங்கியிருக்கிறது. அதை ரசிக்க விரும்புபவர், மாவு என்று எளிதாகச் சொல்லிவிடும் பொருள் உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

மரவள்ளி, இவ்வட்டாரப் பேச்சில் குச்சிக்கிழங்கு, தன் வேரில் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து ஒரு பலபடி. அதாவது ஒரே வகைச் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவாகும் நெடிய சங்கிலி. இங்கே கோக்கப்படும் மணி குளுக்கோஸ். அது பெரும்பாலும் கிளையின்றி நீண்டால் அமைலோஸ் என்றும், மரம்போல் கிளைவிட்டுப் பரவினால் அமைலோபெக்டின் என்றும் பெயர் பெறும். மரவள்ளி மாவில் அமைலோஸ் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான். புரதமும் கொழுப்பும் மிகச் சொற்பம். வெந்த மரவள்ளி மாவு கோதுமை மாவுக் கூழைவிடத் தெளிவாகவும் இழுவையாகவும் இருப்பதற்கும், தனக்கென்று தனிச் சுவை இல்லாமல் பாலின் இனிப்பையோ மோரின் புளிப்பையோ அப்படியே ஏற்றுக்கொள்வதற்கும் இந்தச் சேர்மானமே காரணம்.

இன்று பள்ளிப் பாடமாகிவிட்ட இச்சங்கிலிக் கருத்து நிலைபெற, ஒரு விஞ்ஞானி தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியிருந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், ரப்பரும் மாவுச்சத்தும் போன்றவை நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை என்ற கருத்தை 1920இல் முன்வைத்தபோது, அவை சிறு மூலக்கூறுகள் தளர்வாக ஒட்டிய திரள்களே என்று நம்பிய அக்கால அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. அவர் சலிக்காமல் ஒரு பலபடியை வேறொரு சேர்மமாக மாற்றி, அம்மாற்றத்துக்குப் பின்னும் சங்கிலியின் நீளம் குலையவில்லை என்று காட்டினார்; வெறும் திரளாக இருந்திருந்தால் அது கலைந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் வலிமை. நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது 1953இல், 72ஆம் வயதில். இதற்கிடையே 1940இல் ஜெனீவாவில் கர்ட் மேயரும் அவருடைய குழுவினரும் மாவுச்சத்தை அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரு கூறுகளாகப் பிரித்துக் காட்டியிருந்தனர்.

அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் அதே பொருளைக் கொண்டு சேலத்தில் ஒரு தொழில் பிறந்ததற்கும் அந்த ஆய்வுகளுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. ஜவ்வரிசி ஆதியில் தென்கிழக்காசியாவின் சேகு பனையின் தண்டுச்சோற்றிலிருந்து செய்யப்பட்ட பொருள். அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் அவ்வழியை அடைத்த நாள்களில், கேரளத்தோடு மீன் வணிகம் செய்துவந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், மரவள்ளியிலிருந்து மாவெடுக்கும் முறை அறிந்த பினாங்கு போபட்லால் ஷாவைச் சந்தித்ததன் விளைவாக, 1943இல் எளிய கைமுறைகளோடு சேலத்தில் உற்பத்தி தொடங்கியது என்றும், அடுத்த ஆண்டே வெங்கடாசலக் கவுண்டர் என்ற இயந்திர வல்லுநர் கருவிகளை மேம்படுத்தினார் என்றும் தொழிலின் வரலாறு கூறுகிறது. 1981இல் உற்பத்தியாளர்களுக்கென 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாள்களில் உள்ளே நிறம் மாறிக் கெடத் தொடங்கும் என்பதால், ஆலை வயலுக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். முள்ளுவாடி, எச் 226 முதலிய இரகங்களின் கிழங்கை ஆலைக்காரர் எடையால் மட்டும் மதிப்பதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தின் அளவைப் 'பாயிண்ட்' கணக்கில் பார்த்தே விலை பேசுவர். தோல் சீவிக் கழுவிய கிழங்கு அரைபடும்போது செல்களின் சுவர் கிழிந்து மாவுத்துகள் வெளிப்படுகிறது; கிழங்கில் இயற்கையாக உள்ள, சயனைடு வெளிவிடும் சேர்மமும் அப்போதே உடைந்து, பெரும்பாலும் நீரோடு போய்விடுகிறது. சல்லடையில் தங்கும் நார்ச்சக்கை 'திப்பி' என்ற பெயரில் மாட்டுத் தீவனமாகிவிட, மாவுப்பால் தொட்டியில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. மாவுத்துகளின் குறுக்களவு பெரும்பாலும் 5 முதல் 35 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் அத்தனை பங்குகள். பாதிக் குறுக்களவுள்ள துகள் அடியில் படிய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு நீரை வடித்தால் நுண்துகள் வீணாகும். அளவுக்கு மேல் விட்டுவைத்தால் மாவு புளித்து மணமும் நிறமும் கெடும். எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அடுப்புக்கு வருமுன்பே தொட்டியில் தொடங்கிவிடுகிறது.

படிந்த மாவுக்கட்டியை உடைத்து ஈரப்பொடியாக்கி, தூளிபோல் தொங்கும் துணியிலோ குலுக்கும் இயந்திரத்திலோ இட்டு ஆட்டும்போது, சிறு பருக்கைகள் உருண்டு உருண்டு பக்கத்துப் பொடியைத் தம்மீது ஏற்றிக்கொண்டு மணிகளாகின்றன. பச்சை மாவில் பசை கிடையாது. துகள்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் இழுவிசை மட்டுமே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஈரம் குறைந்தால் மணி உதிரும், மிகுந்தால் மணிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஒரு பிடி மாவை உள்ளங்கையில் அழுத்தி, அது கட்டியாக நின்று விரல் பட்டதும் உடைகிறதா என்று பார்க்கத் தெரிந்த கை இங்கே எந்தக் கருவிக்கும் இளைத்ததன்று.

அடுத்து வருவது நெருப்பு. எண்ணெய் தடவிய சூடான தட்டில் ஈரமணிகள் புரளும்போது, ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மேற்பரப்பிலுள்ள துகள்கள் அருகிருக்கும் நீரை உறிஞ்சிப் பருத்து, உள்ளடுக்கின் ஒழுங்கு குலைந்து, சங்கிலிகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதற்குப் பசையாதல் என்று பெயர். நீர்ப்படலம் செய்துவந்த வேலையை இப்போது சங்கிலிகளே ஏற்கின்றன. பின்னர் மணி ஆறி, களத்து வெயிலில் உலரும்போது, அவிழ்ந்த சங்கிலிகள், குறிப்பாகக் கிளையற்ற அமைலோஸ், மீண்டும் அருகருகே அணிவகுத்துத் தோலை இறுக்குகின்றன. தட்டில் சூடு போதாவிட்டால் தோல் உருவாகாது, மணி கொதிநீரில் கரைந்து கூழாகும். சூடு மிஞ்சினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மணியைப் பிளந்துவிடும். வறுப்பவர் மணியின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மேலே படரும் பளபளப்பையும் புரளும்போது எழும் ஓசையையும் கொண்டே உள்ளே வேக்காடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கணிக்க வேண்டியிருக்கிறது.

வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் கிடைப்பது 'நைலான் ஜவ்வரிசி'. வாலஸ் கரோதர்ஸ் 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய செயற்கைப் பலபடியின் பெயர், இன்னொரு பலபடியான மரவள்ளி மாவின் மீது சேலத்துக் கடைவீதியில் வந்து ஒட்டிக்கொண்டிருப்பது, இழைக்கும் மணிக்கும் உறவே இல்லாதபோதும், வேதியியல் அறிந்தவரைப் புன்னகைக்கச் செய்யும். பச்சை மாவுத்துகள்களின் எண்ணற்ற விளிம்புகளில் ஒளி சிதறுவதால் வறுத்த ஜவ்வரிசி வெண்மையாகத் தோன்றுகிறது. ஆவி உள்ளே வரை சென்று துகள்களைக் கலைத்துவிடுவதால் நைலான் ஜவ்வரிசி கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விடுகிறது. ஆகவே நிறமே வேக்காட்டின் கணக்கைச் சொல்லிவிடும்.

இதை உணர்ந்தவர்க்கு அளவு மீறிய வெண்மை ஒரு சிறப்பாகத் தோன்றாது. கிழங்கு மாவின் இயல்பான நிறம் சற்று மங்கலான வெண்மை. பளிச்சென்ற நிறத்துக்குச் சந்தை கூடுதல் விலை தருவதே வெளுப்புப் பொருள் கலக்கத் தூண்டுகோலாகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும். மங்கலான நிறத்தை விரும்பி வாங்கும் கண்தான் தொழிலைக் காக்கும். நல்ல மணியின் இலக்கணம் நிறத்தைவிட மற்றவற்றில் இருக்கிறது: ஒரே அளவு, விரிசலற்ற தோல், கையில் அள்ளும்போது மாவு ஒட்டாமை, வெந்தபின் குலையாத உருவம்.

கடைசியாகச் சொன்ன இலக்கணத்தை ஆலையில் நின்று சரிபார்க்க இயலாது. சேலத்து மணிகளில் பெரும்பங்கு வடக்கே சென்று, மகாராஷ்டிரத்தில் ஏகாதசி போன்ற விரத நாள்களில் நிலக்கடலைப் பொடி சேர்ந்த கிச்சடியாகிறது. அங்கே ஊறவைத்த மணிகள் வெந்தும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கவேண்டும். தமிழ்நாட்டுப் பாயசத்திலோ மணியின் நடுவிலிருக்கும் வெள்ளைப் புள்ளி சிறுகச் சிறுகச் சுருங்கி மறையும் தருணத்தை நோக்கிச் சமைப்பவர் கரண்டியோடு காத்திருப்பார். வறுப்பவர் பல நாள்களுக்கு முன் நிறுத்திவைத்த வேக்காடு, அந்தப் புள்ளி மறையும்போதுதான் முடிவுக்கு வருகிறது.