உத்தரவாதமற்ற நன்மை: 'மான்ஸ்டர்' தொடரை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஜப்பானிய அனிமே தொடர்களில் சில ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி என்பதைவிடப் புகார் என்பதே சரி. 'பொம்மைப் படம்தானே, அதைப் பாத்துட்டு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியறியே' என்றுதான் ஆரம்பித்தார். போர், அணுகுண்டு, சாவு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். ஹிரோஷிமா என்ற ஒரு சொல்லைக் கொண்டு ஜப்பானியப் பிரதி எதையும் விளக்கிவிடலாம் என்கிற சோம்பல் நம்மிடம் உண்டு. அந்தப் பதில் எனக்கே போதவில்லை. சாவின் எண்ணிக்கைதான் இருட்டு என்றால், நூறு பேரைச் சுட்டுத் தள்ளும் சண்டைப் படத்தைப் பார்த்துவிட்டு நாம் நிம்மதியாகப் பரோட்டா சாப்பிடப் போவது எப்படி?

வடிவம் சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. 1963 ஜனவரி 1 அன்று ஒஸாமு தெஸுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, வாரம் ஒரு பகுதியைக் குறைந்த செலவில் முடித்தாக வேண்டியிருந்தது. அதற்காகப் படங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. ஓடும் படத்துக்கு நொடிக்கு 24 சட்டகம். ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினால் 8 படம் போதும். அசையாத முகம், வெறும் வானம், மின்கம்பம் என்று காசில்லாமல் வந்த அசைவின்மை பிற்பாடு ஒரு மொழியாகவே ஆயிற்று. 1995-96இல் வந்த 'நியான் ஜெனஸிஸ் எவாஞ்சலியன்' தொடரின் 24ஆம் பகுதியில், தன் நண்பனைக் கொல்வதா வேண்டாமா என்று ஷின்ஜி தயங்கும் இடத்தில் சட்டகம் ஏறக்குறைய ஒரு நிமிடம் அசைவதே இல்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பார்வையாளன்தான் நிரப்ப வேண்டும். அவன் மனசில் இருப்பது எதுவோ அதைக் கொண்டுதான் நிரப்புவான்.

நான் பேச விரும்புவது இந்த நிரப்புதலைப் பற்றி. அதற்கு வசதியான பிரதி 'மான்ஸ்டர்'. நவோகி உரஸாவா 1994 முதல் 2001 வரை வரைந்த படக்கதையை மேட்ஹவுஸ் நிறுவனம் 2004-05இல் 74 பகுதிகளாகத் தயாரித்தது. இயக்கம் மஸாயுகி கோஜிமா. மந்திரமில்லை, ராட்சத எந்திரமில்லை. கதையைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது, சொல்லிவிடுகிறேன்.

1986. மேற்கு ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப். கென்ஸோ டென்மா கைராசியுள்ள ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர். ஒரு துருக்கித் தொழிலாளியைக் கொண்டுவருகிறார்கள். அடுத்து ஒரு ஓபரா பாடகர் வருகிறார். பாடகரைக் கவனி என்கிறது மேலிடம், டென்மா கவனிக்கிறான். தொழிலாளி இறந்துபோகிறான். என் புருஷன்தானே முதலில் வந்தார் என்று அந்த மனைவி அழுகிறாள். சில நாள் கழித்துத் தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவன் வருகிறான், பிறகு நகர மேயர் வருகிறார். இம்முறை டென்மா உத்தரவை மீறிச் சிறுவனைக் காப்பாற்றுகிறான். மேயர் சாகிறார். அந்தச் சிறுவன் யோஹான் வளர்ந்து கொலைகாரன் ஆகிறான். டென்மா துப்பாக்கியோடு அவனைத் தேடிப் போகிறான்.

'உயிர்கள் எல்லாம் சமம்' என்பது தொடரின் மையக் கூற்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் சமம் என்கிற கொள்கையை வைத்துக்கொண்டு எந்த உயிரை முதலில் காப்பாற்றுவது என்று தீர்மானிக்க முடியாது. டென்மா தீர்மானிப்பது மிகச் சாதாரணமான ஒரு விதியை வைத்து: முதலில் வந்தவர் முதலில். ஆஸ்பத்திரி வரிசை. அரசு மருத்துவமனையில் சீட்டுப் போட்டு நின்றிருக்கிற எவருக்கும் இந்த அறம் புரியும். வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறவன் யார் என்பதும் தெரியும். சமத்துவம் என்ற பெரிய சொல்லுக்கு நடைமுறையில் இருக்கும் உடம்பு இந்த வரிசை மட்டும்தான்.

வரிசை இல்லாத இடத்தில் என்ன செய்வது? தொடரின் அடியாழத்தில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைக் கொடு என்று அதிகாரம் கேட்கிறது. தாய் ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். அம்மா என்னைக் காப்பாற்ற நினைத்தாளா, இல்லை தங்கையோடு மாற்றி எண்ணிவிட்டாளா, வேண்டாதது யார் என்பதுதான் யோஹானிடம் கடைசிவரை மிஞ்சும் கேள்வி. டென்மாவின் தேர்வும் தாயின் தேர்வும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே வரிசை இருந்தது. இங்கே இல்லை.

தீமையின் பிறப்பிடத்தைத் தொடர் பெர்லின் சுவருக்குக் கிழக்கே, '511 கிண்டர்ஹைம்' என்கிற கிழக்கு பெர்லின் அனாதை விடுதியில் வைக்கிறது. இது பனிப்போர்ப் பிரச்சாரம்தானே என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் பிரதியின் முதல் பிணம் மேற்கில், நவீன மருத்துவமனையில், யாருக்கும் விசாரணை இல்லாமல் விழுகிற துருக்கித் தொழிலாளியினுடையது. 1961இல் துருக்கியுடன் ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தது மேற்கு ஜெர்மனி. டுஸ்ஸல்டார்ஃபுக்குப் பக்கத்து ஊரான ஸோலிங்கனில் 1993 மே மாதம் துருக்கிக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குத் தீவைத்ததில் பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் மாண்டார்கள். உரஸாவா படக்கதையைத் தொடங்கியது அடுத்த ஆண்டு. பிராங்க்பர்ட்டின் துருக்கிக் குடியிருப்பைக் கொளுத்த ஒரு கும்பல் திட்டமிடுவது கதைக்குள்ளேயே வருகிறது. மருத்துவமனை, அனாதை விடுதி, காவல்துறை என்று நவீனத்துவம் தந்த மூன்று நிறுவனங்களும் இங்கே மனிதர்களை எடைபோட்டுத் தரம் பிரிக்கின்றன. சுவரின் எந்தப் பக்கம் என்பது பிறகுதான்.

உணர்ச்சியின் இருட்டு இன்னொரு வகை. அந்த விடுதியில் வளர்ந்த கிரிம்மர் எப்போதும் சிரித்த முகமாய் இருக்கிறான். சிரிப்பு அவனுக்குக் கற்றுத் தரப்பட்டது. எந்தச் சமயத்தில் எந்த முகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பாடம் படித்தவன் அவன். சொந்த மகன் செத்தபோதும் அழ வரவில்லை, மனைவி பிரிந்துபோனாள். நாம் பழகிய சோகம் கண்ணீர் பெருகுவது. இங்கே கண்ணீர் வராததுதான் சோகம். ரூஹென்ஹைம் என்ற சிற்றூரில் சாகக் கிடக்கையில்தான் மகனுக்காக அவனுக்குத் துக்கம் வருகிறது. அவன் மனுஷனாக ஆவதும் சாவதும் ஒரே நேரத்தில் நடந்துவிடுகின்றன. நண்பர் சொன்ன அந்த இரண்டு நாள் மூஞ்சி இந்தக் காட்சியால் வந்தது.

இனி என்னைப் பற்றி ஒரு வாக்குமூலம். தொடர் நெடுக, டென்மா குறிபார்க்கும் ஒவ்வொரு முறையும், 'சுடுடா, சுட்டுத் தொலை' என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இரவு ஒரு மணிக்கு, கைபேசியைப் பிடித்துக்கொண்டு, எம்.ஏ. படித்தவன், மரண தண்டனைக்கு எதிராகப் பேசுகிறவன். அப்புறம்தான் ஆரம்பத்துக் காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. மேயர் செத்ததும் பதவி பறிபோன டென்மா, நினைவில்லாமல் கிடக்கும் சிறுவனின் படுக்கையருகே நின்று, இயக்குநரைப் போன்றவர்கள் செத்தால்தான் நல்லது என்று புலம்புகிறான். சில நாளில் இயக்குநரும் இன்னும் இரண்டு மருத்துவர்களும் நஞ்சு கலந்த மிட்டாய் தின்று சாகிறார்கள். யோஹான் செய்தது வேறொன்றுமில்லை, டென்மாவின் ஆசையை நிறைவேற்றினான். அப்படியானால் என் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

இங்கேதான் பிரதியோடு எனக்குச் சண்டை. ரூஹென்ஹைமில் மழை. யோஹான் ஒரு சிறுவனின் தலைக்குத் துப்பாக்கியை நீட்டி டென்மாவைச் சுடச்சொல்லித் தூண்டுகிறான். டென்மாவால் முடியவில்லை. சுடுவது அந்தச் சிறுவனின் குடிகார அப்பன். நாயகனின் கை சுத்தமாக இருக்கட்டும் என்று ஊரே ஏளனம் செய்கிற ஒரு குடிகாரனிடம் அழுக்கை ஒப்படைத்துவிடுகிறது பிரதி. கனவான்களின் அறத்துக்குக் கூலிக்காரன் விலை கொடுக்கும் பழைய ஏற்பாடு இது. முதல் பகுதியில் துருக்கித் தொழிலாளி கொடுத்த விலையை நினைவில் வைத்திருக்கும் பிரதி, இந்தக் குடிகாரனின் இரவுகள் இனி எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. 74 பகுதிகளில் அதற்கு ஒரு பகுதி கிடைக்கவில்லையா?

ஆனாலும் அந்தக் குண்டு வெடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் கேட்டது கிடைத்தது, நாயகனுக்கும் களங்கமில்லை. நிம்மதி சில நிமிடங்கள்தான். மறுபடி அதே யோஹான், தலையில் அதே மாதிரிக் குண்டு, அதே மேசை, அதே டென்மா. அவன் அறுவை செய்து காப்பாற்றுகிறான். 1986இல் செய்தபோது தெரியாமல் செய்தான். பின்விளைவு அத்தனையும் தெரிந்த பிறகு இப்போது செய்கிறான். யோஹான் திருந்துவான் என்ற ஜாடைகூட இல்லை. கடைசியில் நமக்குக் காட்டப்படுவது ஒரு காலிக் கட்டில்.

நம் கதைமரபில் இதற்கு ஊழ் என்ற சொல் தயாராக இருக்கிறது. ஊழ் என்றால் கணக்கு ஒன்று எங்கோ சரியாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது என்ற ஆறுதலாவது உண்டு. இந்தத் தொடரில் கணக்குப்பிள்ளை இல்லை. நல்லது செய்தால் நல்லது விளையும் என்ற உத்தரவாதத்தை எடுத்துவிட்டு, சரி, இப்போதும் செய்வாயா என்று கேட்கிறது. நாம் இருட்டு என்று சொல்வது அந்த உத்தரவாதம் இல்லாமல் போனதைத்தான். தீயவர்கள் அதிகம் என்பதனால் வருவதல்ல அது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி, கட்டில்லேந்து எழுந்து போனவன் மறுபடி யாரையாவது கொன்னா?' என்றார். கொல்லலாம் என்றேன். 'அப்ப டாக்டர் பண்ணது தப்புதானே?' தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் அன்றைக்குத் தைரியம் வரவில்லை. செத்துப்போன துருக்கிக்காரனின் மனைவி, என் புருஷன்தானே முதலில் வந்தார் என்று கேட்டது மட்டும் காதில் இருந்துகொண்டே இருந்தது.