கொசுவை எண்ணிய ஜெனரல்

போர் நினைவுக்குறிப்புகள் எனக்குச் சீக்கிரமே சலித்துவிடும். யார் எந்த மலையைப் பிடித்தார், எந்தப் படை எந்த ஆற்றைத் தாண்டியது என்று பக்கம் பக்கமாகப் போகும். பர்மா போர் பற்றி ஜெனரல் வில்லியம் ஸ்லிம் எழுதிய ‘டிஃபீட் இன்டு விக்டரி’யை (1956) கீழே வைக்காமல் படித்ததற்குக் காரணம் அதில் வரும் சண்டைகள் இல்லை, காய்ச்சல்.

1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும், நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்கிறார் ஸ்லிம். மலேரியா மட்டுமே ஆண்டுக்கு 84 விழுக்காடு. இப்படியே போனால் ஜப்பானியருக்குத் தோட்டா மிச்சம்தான்.

மருந்து இருந்தது. மெபாக்ரின் மாத்திரை. ஆனா அதை விழுங்கினா ஆண்மை போயிடும்னு படைக்குள்ள ஒரு வதந்தி. ஸ்லிம் திடீர்ச் சோதனை நடத்துகிறார். ஒரு பிரிவில் 95 விழுக்காட்டினருக்குக் குறைவாக மருந்து தென்பட்டால், சிப்பாயை அல்ல, அந்தப் பிரிவின் தளபதியைப் பதவியிலிருந்து தூக்குகிறார். மூன்று பேரைத் தூக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. நோயின் பழியைக் கீழே தள்ளாமல் மேலே ஏற்றிய இந்த இடத்தைத்தான் நூலின் உச்சம் என்பேன்.

ஆனால் அந்த வதந்தியை நம்பியவன் யார்? ஸ்லிமின் 14ஆம் படையில் பெரும்பான்மையினர் இந்தியர்கள். கடன், கல்யாணம், குடும்பம் என்று ஊர் நினைப்போடு அந்தக் காட்டில் கிடந்த ஒருவன், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன யோசித்திருப்பான்? நூலில் அவன் பேசுவதே இல்லை. அவனுடைய பயம் ஸ்லிமுக்கு ஒரு நிர்வாகச் சிக்கல். அவனது உடம்பு, படைபலக் கணக்கில் ஓர் எண்.

எண்ணாகக்கூட நுழையாதவர்களும் உண்டு. 1944 மழைக்காலத்தில், இம்பாலிலிருந்து பின்வாங்கிய ஐ.என்.ஏ. வீரர்களையும் அதே மலேரியா வாரிக்கொண்டு போனது. கூடவே வயிற்றுக்கடுப்பு, பசி. நம் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பலர் பெயர் கொடுத்த படை அது. ஸ்லிம் அவர்களுக்காகக் கணக்கெடுக்கவில்லை. எதிரியின் ஜெனரலிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி. ஐ.என்.ஏ. என்றதும் நாம் நேதாஜியின் உரையையும் ஜான்சி ராணிப் படையின் சீருடையையும் சொல்கிறோம். கொய்னா கிடைக்காமல் நடுங்கிச் செத்தவனை மேடையில் யாரும் சொல்வதில்லை. அது வீரமாகத் தெரியவில்லை போல.

அவர்களைப் பற்றி நாவல் எழுத நினைக்கும் நண்பர்கள், ஸ்லிமின் போர்வியூகங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. காய்ச்சல் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நம் நாவலில் என்ன இருக்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.