மரத்தடியும் தீர்மானப் புத்தகமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் ஊர் கூடி முடிவெடுக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஊர்க்கவுண்டர் மரத்தடியில் கூட்டும் ஊர்க்கூட்டம். மற்றொன்று ஊராட்சித் தலைவர் கூட்டும் கிராம சபை. திருவிழா நாள், பங்காளித் தகராறு, அடுத்தவர் கொல்லையில் மாடு மேய்ந்த வழக்கு ஆகியவை ஊர்க்கூட்டத்துக்குப் போகும். சாலை, குடிநீர், நூறு நாள் வேலை, தொகுப்பு வீடு எல்லாம் கிராம சபைக்கு. ஊருக்கு நன்றாகத் தெரிந்த முறையில் சில்லறை விஷயங்களும், பழக்கமில்லாத முறையில் வாழ்வாதார விஷயங்களும் முடிவாகின்றன என்பதே இந்த மலையின் பெரிய குறை.

ஊர்க்கூட்டத்தில் பேசக்கூடியவர்கள் ஒத்துவரும்வரை பேசுகிறார்கள். நாளைக்கும் அதே ஓடையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதால், எதிர்த்துப் பேசியவரை ஒதுக்கிவிட்டு எழுந்துபோக முடியாது. யாருடைய சாமை விளைந்தது, யார் மரவள்ளிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். இந்த அறிவை எந்த அலுவலகக் கோப்பும் தராது.

ஆனால் பேசக்கூடியவர்கள் யார்? பெண்கள் பெரும்பாலும் ஓரமாக நிற்கிறார்கள். வெளியூர் வேலைக்குப் போன இளைஞர் கூட்டத்திலேயே இல்லை. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் தம் இயக்கத் தோழிகளைப் பார்த்துச் சொன்னது இங்கும் பொருந்துகிறது: எழுதிவைத்த விதி இல்லாத குழுவிலும் அதிகாரம் இருக்கிறது, கண்ணில் படாததால் அதைக் கேள்வி கேட்கத்தான் முடிவதில்லை. ஊர்க்கூட்டம் அபராதம் போட்டாலோ ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்தாலோ மேல்முறையீடு கிடையாது. கூட்டத்தின் நல்ல முடிவுக்கும் தாலுகா அலுவலகத்தில் மதிப்பில்லை, ஏனென்றால் அது எழுத்தில் இல்லை.

கிராம சபையின் கதை வேறு. 1976 வரை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை இது. இங்குள்ளவர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1996இல்தான் என்பது 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அவ்வளவு தாமதமாக, அதுவும் மேலிருந்து, வந்த அமைப்பு இன்னும் ஊரின் சொந்தமாகவில்லை. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்தில் ஊராட்சிகள் 15. குக்கிராமங்களோ நூற்றுக்கு மேல், சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. கூட்ட நாளைச் சென்னை குறிக்கிறது. மூவாயிரம் பேரைத் தாண்டிய ஊராட்சியில் 200 பேர் வந்தால் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை நிறையும். தூரத்துக் குக்கிராமத்துக்காரர் ஒரு நாள் கூலியை விட்டு நடந்து வந்து, பெரும்பாலும் ஏற்கெனவே எழுதிய தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறார். இதை விவாதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

அதற்காகக் கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கி எறிய முடியாது. 2024 ஜூனில் இதே மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலையின் நிலையை விசாரித்தது. அப்படி ஒரு மன்றத்தின் முன் மரத்தடிப் பேச்சு நிற்காது, பதிவான தீர்மானம் நிற்கும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒடிசாவின் நியமகிரி காட்டியது. 2013இல் உச்சநீதிமன்றம் வழிவிட, டோங்கரியா கோந்து மக்கள் வாழும் பகுதியில் 12 சிற்றூர்களின் சபைகள் மாவட்ட நீதிபதியின் முன்னிலையில் கூடி, பாக்சைட் சுரங்கம் வேண்டாமென்று ஒன்றுபோல் முடிவெடுத்தன. பேச்சு அவர்களுடையது, பதிவு அரசுடையது. சுரங்கம் வரவில்லை.

கல்வராயனுக்கும் அந்த வழி சட்டத்தில் திறந்தே இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அதன் 2012ஆம் ஆண்டு விதித்திருத்தம் குக்கிராமத்தையே கிராமமாக எடுத்துக்கொண்டு சபை கூட்ட இடம் தருகிறது. உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தின் பழைய குறைக்கு இதைவிட நேரான மருந்து இல்லை. தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி உரிமைப் பட்டா வழங்க இருந்த நீதிமன்றத் தடை 2016இல்தான் நீங்கியது. எனவே சுணங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று அந்தக் காரணம் இல்லை.

கடுக்காய் எடுப்பது, நிலப் பட்டா, பாதை ஆகியவற்றைக் குக்கிராம சபை முதலில் பேசி எழுதட்டும். கிராம சபை அதை மாற்ற விரும்பினால் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பட்டும். திருமணம், சாதி, ஒதுக்கிவைத்தல் ஆகியவை மட்டும் எந்தக் கூட்டத்தின் தீர்ப்புக்கும் போகக் கூடாது. அங்கே தனிமனிதருக்குத் துணை சட்டம்தான்.

மலைவாழ் வாக்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஊராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், எங்கள் குக்கிராமத்தில் சபையை எந்த நாளில் கூட்டுவீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பெண்களே முதலில் கேட்கட்டும்.