தோலில்லாத முழவு: கட்டையைத் தொடரும் ஒலி பற்றிய ஒரு திறனாய்வு

நான் சாலைக் கடைத்தெருவில் அரிசி வியாபாரி, குடியிருப்பு கரமனையில். இசையை எவரிடமும் முறையாகப் பயின்றவனல்லன். சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடியார்க்குநல்லார் உரையோடு, கடையில் ஆள் இல்லாத நேரங்களில் படித்த படிப்புத்தான் என் முதல்.

சமணனாகிய எனக்கு மிருதங்கக் கச்சேரியில் நெடுநாளாக ஓர் உறுத்தல் உண்டு. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இன்றி அக்கருவி இல்லையே! ஆகவே, விழா ஒன்றில் சிறுமியர் நடனத்துக்குக் கீபோர்டிலேயே மிருதங்க ஒலியை வாசித்தபோது, 'அப்பாடா, கொல்லாமை நோற்ற முழவு வந்துவிட்டது' என்று மகிழ்ந்தேன். ஐந்து நிமிஷம்தான் அந்த மகிழ்ச்சி. அடுத்த பாட்டின் சுருதிக்காகக் கட்டையை மாற்றினார்கள். மேலே போனால் தகரடப்பா, கீழே வந்தால் தாம்பாளம்! 'ஏண்டா இப்படி?' என்று பேரனைத் துளைத்தேன். அவன் அந்த ஒலியின் அமைப்பைத் திறந்து காட்டினான்.

அது அதிர்வெண் பண்பேற்ற முறை. ஓர் அலை மற்றோர் அலையை அசைக்க, புதிய நாதம் பிறக்கும். ஜான் சௌனிங் 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்-7 இதை உலகெங்கும் பரப்பியது. அசைக்கும் அலை, நாம் அழுத்தும் கட்டையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் இரண்டுக்குமுள்ள விகிதம் மாறாது. ஓரிடத்திலேயே நின்றுவிட்டால், கட்டைக்குக் கட்டை விகிதம் மாறி நாதத்தின் குணமே கெடும். முன்னதைக் 'கட்டைத் தொடர்ச்சி' என்கிறேன். நம் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தானே சொல்கிறார்கள்! அன்று கேட்ட ஒலியில் அசைக்கும் அலை ஒரு கட்டைக்கு மட்டும் பொருத்தி நிறுத்தப்பட்டிருந்தது.

அப்படியானால் எல்லா முழவுக்கும் தொடர்ச்சியை முழுதாக வைத்தால் தீருமா? தீராது. இங்கேதான் கருவியின் இயல்பை அறியவேண்டும். வெறுந்தோலில் எழும் மேல் அதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று முழு எண்ணில் அடங்காமல் நிற்கும். பறை அவ்வினம், அதற்கு முழு எண் விகிதம் கொடுத்தால் பறை பறையாக இராது. மிருதங்க வலந்தலையிலோ, கரணையின் கனத்தால் அதிர்வுகள் ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்காக அமைகின்றன. சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் 'நேச்சர்' இதழிலும், 1934இல் விரிவாகவும் எழுதியது இதைத்தான். ஆகவே இதற்கு முழு எண் விகிதமும் தொடர்ச்சியும் வேண்டும். ஆனால் சில கட்டைகளுக்குள் மட்டுமே. ஏனெனில் உயர்ந்த சுருதிக்கு வித்வான்கள் சிறிய மிருதங்கத்தையே எடுக்கிறார்கள். இடந்தலையின் கும்கியோ உள்ளங்கை அழுத்தத்தில் பிறப்பது. கட்டை எதுவானாலும் அதைத் தராது.

முழுத் தொடர்ச்சிக்கு உண்மையான உரிமையுள்ள கருவி நம் கேரளக் கோயில் சோபானத்தில் ஒலிக்கும் இடைக்கா. தோள்வாரை அழுத்தியும் தளர்த்தியும் அதில் ஸ்வரமே வாசிக்கிறார்கள். தோலின் குறுக்கே இழுத்துக் கட்டிய நரம்புகளால் அதன் மேல் அதிர்வுகள் ஒழுங்குபடுகின்றன என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. அடியார்க்குநல்லார் மத்தளத்தையும் இடக்கையையும் உத்தமமான அகமுழவில் சேர்க்கிறார். கணப்பறையைப் புறமுழவில் வைக்கிறார். அவருடைய இடக்கைதான் இன்றைய இடைக்கா என்று பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பிச் சொல்லமாட்டேன். ஆனால் எல்லா முழவையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது என்பதை உரையாசிரியர் அறிந்திருந்தார். கீபோர்டுக்கு ஒலி அமைப்பவர் பலர் அறியவில்லை என்பதே என் குறை.

'அஹிம்சை வேண்டுமென்றால் ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன், ஐயா' என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. மட்ட அரிசியைக் காட்டி விரதம் இருக்கச் சொன்னால் விரதத்தின் மேல்தான் வெறுப்பு வரும். தோலைப் பதமிட்டு மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் உழைப்பை டி.எம். கிருஷ்ணா 2020இல் தனி நூலாகவே எழுதினார். அவர்கள் கையால் செய்ததற்கு ஈடாக நிற்கவேண்டுமானால், தோலில்லாத முழவு இன்னும் எவ்வளவோ படிக்கவேண்டும். அதைச் செய்வோர் அந்தக் கைகளிடமே போய்ப் படிக்கவேண்டும்.

பிழை இருப்பின் அறிஞர் பெருமக்கள் திருத்துக; ஏற்றுக்கொள்வேன்.