லயத்தோரத் தோட்டம்

இலங்கையின் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில், வரிசை வீடுகளான லயத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் காய்கறி நிலம் மூன்று துண்டுகளாகக் கிடக்கும். குடும்பத்தின் அறையான காம்பராவின் வாசலில் ஒரு கீற்று, லயத்தின் பின்பக்கம் மண்வெட்டி நுழையும் அளவுக்கு ஓர் ஒடுக்கம், ஓடைக்கரையில் தேயிலை வைக்க ஒவ்வாத ஒரு சரிவு. நிலம் கம்பனியின் கையில் இருக்கிறது. உழைப்பு, நாட்சம்பளத்துக்கான பேர் விழுந்த பிறகு மிஞ்சும் மாலைப்பொழுதுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியது. சொந்தமில்லாத மண்ணிலும் சொந்தமில்லாத நேரத்திலும் நூறாண்டுகளுக்கு மேலாகப் பழகிப் பழகி, இது ஒரு கைவினையாகவே முதிர்ந்திருக்கிறது. இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. நன்றாகச் செய்தவர் யார், ஒப்புக்குச் செய்தவர் யார் என்பது பக்கத்து லயத்துக்காரருக்குத் தெரியும்.

அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, உப்பு, கருவாடு ஆகியவை இந்தப் பாத்திகளில் முளைப்பதில்லை. அப்புத்தளை உயரத்தில் தேங்காயும் இல்லை. ஆகவே முழுத் தன்னிறைவு என்ற பேச்சு இங்கே வெறும் அலங்காரம். கறிக்காகக் கடைக்குப் போகாத நாட்கள் ஆண்டில் எத்தனை என்பதுதான் உண்மையான அளவுகோல். கடையில் வாங்குவதை எழுதும் கடைத்துண்டு எவ்வளவு குட்டையாகிறதோ அவ்வளவு தேர்ச்சி.

முதல் தேர்ச்சி உயரத்தை அறிவது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றரில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். அப்புத்தளை 1,400ஐத் தாண்டுகிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வேறு உலகங்கள். பசறை, ஹாலி-எல, லுணுகலைப் பக்கத்து லயங்களில் பலா, ஈரப்பலா, வாழை, மிளகு, மரவள்ளி செழிக்கும். அப்புத்தளையிலும் பண்டாரவளை மேட்டிலும் கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. கீழ்நாட்டு உறவினர் ஆசையாகக் கொடுத்தனுப்பிய முருங்கைக் கொம்பு மேட்டு லயத்தில் துளிர்க்கும். காய்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சில வீடுகளின் பின்புறம் ஒன்றிரண்டு கோப்பி மரங்களும் உண்டு. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் கண்டறியப்பட்டது இதே மாவட்டத்து மடுல்சீமையில்தான். அந்த நோய் தின்றது போக எஞ்சிய பயிர், இன்று மல்லியோடு சேர்த்து இடிபட்டுக் காலைக் குவளைக்கு வருகிறது.

அடுத்தது காலம். பதுளை மாவட்டம் அடங்கிய ஊவாவுக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவத்தோடு வருகிறது. சித்திரையில் ஒரு சிறு மழை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மத்திய மலைகளைத் தாண்டி ஈரம் இழந்த காற்று அடித்துக்கொண்டே இருக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தரும் மணம் இந்த வறட்சியில்தான் கொழுந்தில் ஏறுகிறது. தேயிலைக்கு உச்சமான அந்த மாதங்கள் காய்கறிக்குச் சோதனை. பெப்ரவரியில் எந்தத் தோட்டமும் பச்சையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து யாரையும் மெச்சுவது அவசரம். செப்டெம்பரில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பறிக்கக் கிடைக்கிற வாசலே நல்ல கை பட்ட வாசல்.

அந்தக் கையின் அடையாளம் பாத்தி எடுக்கும் விதத்திலேயே தெரியும். சரிவுக்குக் குறுக்கே, ஓரத்தில் கல் அடுக்கி, மேற்பரப்பு மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்படி மண்ணை இழுக்க வேண்டும். மழைநீர் பாத்தியின் உட்பக்கக் கானில் விழுந்து மெதுவாகப் பக்கவாட்டில் நகரும். மண்ணை அள்ளிக்கொண்டு பணிய லயத்துக் கூரையில் இறங்காது. இந்தக் கணக்குத் தேயிலை மலையிலிருந்து வந்தது. ஆண்டுக்கணக்கில் கான் வெட்டிப் பழகியவருக்கு மட்டப்பலகை தேவையில்லை, கண்ணே மட்டம் பிடிக்கும். கம்பனிக்காகக் கற்ற வித்தை வீட்டுப் பாத்தியில் சொந்த வித்தையாகிவிடுகிறது. இங்கே அலட்சியத்துக்கு இடமுமில்லை. ஊவா மலைகளின் மண் நீர் மிகுந்தால் நகரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்சரிவில் புதைந்தன. நீர் போகும் வழியை மறித்து எடுத்த பாத்தியில் எவ்வளவு பெரிய கோவா விளைந்திருந்தாலும் அது கெட்ட வேலைதான்.

நீர், லயத்துத் தண்ணீர்க் குழாயான பீலியிலிருந்து வருகிறது. குடிக்க, சமைக்க, குளிக்க எடுத்தது போக வழிந்தோடும் நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுவது எல்லோரும் செய்வது. தேர்ந்தவர் அதற்கு மேலும் ஒன்று செய்வார். கழுவிய தண்ணீர் நேராகக் கீரையில் விழாதபடி முதலில் சேம்புக் குழியில் தங்கவைத்து, அங்கிருந்து கசிவதை மட்டும் கீழ்ப்பாத்திக்கு விடுவார். கோடையில் பீலி நூலாக மெலியும்போது அந்தக் கசிவுதான் பாத்தியைக் காக்கும்.

ஆனால் தோட்டத்தின் உயிர் மாடு. மாட்டுக் கொட்டில் இல்லாத லயத்துத் தோட்டம் சில ஆண்டுகளில் மண் செத்துப் போகும். கலப்பின மாடு ஒன்று நாளொன்றுக்கு 30, 40 கிலோ பச்சைப் புல் தின்னும். 15 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். ஓடைக்கரைக் கினிப்புல்லும் மலையில் அறுத்த புல்லும் தலைச்சுமையாக வந்து சேர்கின்றன. காலைப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்க் காசாகிறது. கன்றுக்கும் பிள்ளைக்கும் போக மிஞ்சுவது தேத்தண்ணிக்கு. பாலை வைத்து மாட்டை மதிப்பவர் பாதிதான் அறிந்தவர். கொட்டிலின் தரையைப் பார்க்க வேண்டும். கல் பாவி, ஒரு பக்கம் சாய்த்து, மூத்திரம் சிறு வாய்க்காலில் ஓடி எருக்குழியில் விழுகிறதா என்பதே கேள்வி. மாடு வெளியேற்றும் நைதரசனில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் போகிறது. சாணத்தை மட்டும் அள்ளிச் சேர்ப்பவர் பயிரின் உணவில் பாதியை மண்தரையில் விட்டுவிடுகிறார். குழிக்கு மேலே பழைய தகரம் ஒன்று கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழை எருவின் சத்தைக் கரைத்து ஓடையில் சேர்த்துவிடும்.

எருக்குழிக்குப் பக்கத்திலேயே சாம்பல் குவியலைப் பார்த்தால் ரசிகர் முகம் சுளிக்கலாம். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் தேயிலைக் குச்சியான மிலாறுதான் லயத்து அடுப்பின் விறகு. அதன் சாம்பல் அருமையான சரக்கு. ஆனால் பச்சைச் சாணத்தோடு கலந்தால் அதன் காரம் நைதரசனை அமோனியாவாகக் கிளப்பிக் காற்றில் விட்டுவிடும். ஆகவே சாம்பலைத் தனியே, நனையாமல், தகரப் பேணியில் வைப்பார்கள். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. ஆண்டாண்டாகத் தேயிலைக்கு இட்ட உரமும் அந்த மண்ணை மேலும் புளிக்கவைத்திருக்கிறது. கோவா அத்தகைய மண்ணில் வேர் வீங்கிச் சாகும். டொலமைற் வாங்கக் காசில்லாத வீட்டில் அந்தப் புளிப்பைத் தணிப்பது இந்தச் சாம்பல்தான். வயதான பெண்கள் கோவாக் கன்று நடும் குழியில் சாம்பலை ஒரு பிடி போட்டு மண்ணோடு பிசைந்துவிடுவார்கள். காரணம் சொல்லமாட்டார்கள், செய்வார்கள்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. அதற்குள் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் காய்கறி விவசாயிகள் பட்ட பாடு நாடறிந்தது. உரமூட்டையை நம்பி நடந்த விவசாயம் தடுமாறியபோது, கொட்டிலும் குழியும் உள்ள லயத்து வாசலில் அது பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு, 2022 ஜூனில், அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. கொழுந்தெடுப்பவருக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமையிலேயே செய்து பழகியவர்.

பயிர்களைக் கோத்து வைப்பதில் கலை இன்னும் நுணுக்கமாகிறது. முள்ளங்கி 40, 45 நாளில் வந்துவிடும். போஞ்சி 50, 60 நாளில் காய்க்கத் தொடங்கும். உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் மூன்று மாதம். லீக்ஸுக்கு அதற்கும் மேல். மலையில் மரவள்ளி எட்டு, பத்து மாதம் எடுக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டவர் ஒரு வாரம் விருந்துண்டு, மறுமாதம் கடைக்குப் போவார். லீக்ஸ் வரிசைக்கு நடுவே முள்ளங்கியைத் தூவி, லீக்ஸ் பருக்குமுன் பிடுங்கி, அந்த இடைவெளியில் மல்லித்தழை விதைக்கிறவருடைய பாத்தி ஒருநாளும் வெறுமையாகக் கிடப்பதில்லை.

சவ்சவ் பந்தலைத் தனியாகச் சொல்ல வேண்டும். முற்றிய காயை அப்படியே மண்ணில் பாதி புதைத்தால் அதன் நுனியிலிருந்து முளை வரும்; விதை வேறு, காய் வேறு என்ற பிரிவே இல்லை. நாலைந்து மாதத்தில் காய்க்கத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் காய்க்கும். காய் கறிக்கு, கொழுந்து வறைக்கு, முதிர்ந்த கொடியின் அடியில் திரளும் கிழங்கு அவித்துத் தின்ன, கழித்த கொடி மாட்டுக்கு. ஓடை இறக்கத்துக்கு மேலே சவுக்குக் கொம்புகளில் பந்தல் போட்டால் நிலமும் பிடிக்காது. இவ்வளவு குறைந்த இடத்தில் இவ்வளவு தரும் பயிர் மலைநாட்டில் அரிது. சுவை சப்பென்றிருக்கிறது என்ற குறை நியாயமானதே. அதை மாசிக் கருவாடும் கொச்சிக்காயும் சரிசெய்துவிடும்.

விதை சேமிப்பில் சிலவற்றுக்கே வழி இருக்கிறது. போஞ்சியில் திடமான கொடியின் நடுப்பகுதிக் காய்களை முற்றவிட்டு, உலர்த்தி, சாம்பல் புரட்டி அடுப்புப் பரணில் தொங்கவிடுவார்கள். புகைக்கு வண்டு அண்டாது. பூசணி, தக்காளி, கத்தரி, கொச்சிக்கும் வீட்டு விதை போதும். கரட்டும் கோவாவும் பூக்க நீண்ட குளிர் கேட்பவை. அவற்றுக்குக் கடை விதைதான், அந்த வரி கடைத்துண்டிலிருந்து நீங்காது.

வேலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளிசிறியாக் கம்பு, பழைய சேலை, கூரையிலிருந்து கழற்றிய தகரம், எது கிடைக்கிறதோ அது. காட்டுப்பன்றிக்கு அது ஓரளவு போதும், குரங்குக்கு எந்த வேலியும் போதாது.

அடுப்பங்கரையிலும் அறிவு இருக்கிறது. மரவள்ளியை மூடாமல் அவிப்பார்கள். அதிலுள்ள சயனைட் ஆவியோடு போய்விடும். இஞ்சியோடு அதைச் சேர்த்துத் தின்னக்கூடாது என்ற கட்டுப்பாடும் இலங்கை முழுக்க உண்டு. இந்தக் கிழங்குக்கு லயங்களில் ஒரு கசப்பான மரியாதை இருக்கிறது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். மாவும் அரிசியும் எட்டாமற்போன அந்த நாட்களில் உலையில் ஏறியது மரவள்ளியும் அதன் இலையும்தான். அதை அனுபவித்த தலைமுறை, பாத்தியின் மூலையில் நாலு மரவள்ளிக் குச்சி இல்லாமல் எந்தத் தோட்டத்தையும் முழுமையானதாகக் கொள்வதில்லை.

இத்தனை நுட்பத்திலும் ஒரு குறை கண்ணில் படுகிறது: மரங்கள் குறைவு. பண்டாரவளைக்கு அருகே மிராவத்தையில், பெலிபொலவில், கைவிடப்பட்ட தேயிலை நிலத்தைச் சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க 1980களிலிருந்து பலவகை மரங்களால் காடாக மீட்டுக் காட்டினார். கண்டிப் பகுதியின் பழைய வீட்டுத்தோட்டங்களும் பலா, கித்துள், மிளகு, பாக்கு எனப் பல அடுக்காக உயர்ந்தவை. அந்த அடுக்கு இருந்தால் வேர் சரிவைப் பிடிக்கும், கோடைக் காற்று தணியும், பஞ்சத்தில் பலா சோறாகும். லயத்துக்காரருக்கு இது தெரியாததல்ல. பலா காய்க்க எட்டு, பத்து ஆண்டு எடுக்கும். அதுவரை அந்தத் துண்டு தன்னிடம் இருக்கும் என்று சொல்ல அவரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும் லயத்தோரப் பாத்தி யாருடைய தாளிலும் அவர் பெயரில் ஏறவில்லை. மூன்று மாதப் பயிரில் மட்டும் இந்தக் கலை இவ்வளவு உச்சம் தொட்டதற்கும், மரத்தில் அதிகம் கைவைக்காமல் நின்றதற்கும் காரணம் ஒன்றே.

2015க்குப் பின் லயத்துக்கு வெளியே தனிவீடுகள் எழத் தொடங்கியபோது குடும்பத்துக்கு அளந்து தரப்பட்டது 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 177 சதுர மீற்றர். இந்திய உதவியில் கட்டப்பட்ட வீடு 550 சதுர அடி. அதற்கே 51 சதுர மீற்றர் போகிறது. மலக்குழி, நடைபாதை, கான், மண் அணைக்கும் சுவர் ஆகியவற்றுக்கு விட்டபின் பாத்திக்கு ஏதோ கொஞ்சம் மிஞ்சும். கொட்டிலுக்கும் எருக்குழிக்கும் புல்லுக்கும் இடமில்லை. மாடில்லாத அந்தக் கொஞ்சமும் விரைவில் பூச்செடிக்குப் போய்விடும். அளப்பவர்கள் வீட்டை மட்டும் அளக்காமல் கொட்டிலையும் குழியையும் சேர்த்து அளக்க வேண்டும். இந்தப் பேர்ச்சஸ் அளவையே ஆங்கிலேயர் கொண்டுவந்ததுதான். அவர்களுடைய நாட்டில் நிலமற்ற தொழிலாளிக் குடும்பம் காய்கறி பயிரிட நகரசபை கொடுக்கும் துண்டின் வழக்கமான அளவு 10 பேர்ச்சஸ், சுமார் 250 சதுர மீற்றர். அதில் வீடு கட்டுவதில்லை.