படர்க்கையில் நிறுத்தப்பட்டோர்

நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய 'மனைவியைத் தொப்பியெனக் கருதிய மனிதர்' என்னும் ஆங்கில நூல் 1985இல் வெளிவந்தது. மூளையின் இயல்பால் பிறரினின்று வேறுபட்டோரைப் பொதுமக்கள் பரிவுடன் நோக்கச் செய்த பெருமை அதற்குண்டு. எனினும், அவர்களுடன் உரையாடும் முறை பற்றி அந்நூல் கற்பிப்பது யாது, கற்பிக்கத் தவறியது யாது என்பன ஆய்தற்குரியன.

நூலின் இறுதி இயலில் ஹோசே என்னும் இளைஞர் வருகிறார். ஆட்டிசம் உடையவர், பேசாதவர். தம் சட்டைப்பைக் கடிகாரத்தை வரையுமாறு மருத்துவர் கேட்கிறார். உடனிருந்த பணியாளர் குறுக்கிட்டு, அவன் அறிவிலி, மணி பார்க்கவும் அறியான், அவனிடம் கேட்பது வீண் என்கிறார். இளைஞரின் முகம் வெளிறுகிறது. மருத்துவரோ, அவரால் இயலும் என்பதை அவரிடமே கூறி ஊக்குகிறார். வரைந்து முடித்த படத்தில் முட்கள் 11.31 எனக் காட்டுகின்றன. மணி பார்க்க அவர் அறிந்திருந்தாரா என்பதன்று வினா. அவரைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதே கருதத்தக்கது.

முன்னிலையில் இருப்பவரைப் படர்க்கையாக்கிப் பேசுதல் இலக்கண வழுவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மருத்துவமனையில் அது மனிதரையே இல்லாதவராக்குகிறது. இக்காட்சியால் நூல் உயர்ந்து நிற்கிறது.

ஆயினும் குறையும் உண்டு. இவ்வியல் அடங்கிய பகுதிக்கு 'எளியோர் உலகம்' எனப் பெயரிட்டதோடு, அந்நாளைய மருத்துவ வழக்கிலிருந்த இழிசொற்கள் சிலவற்றையும் ஆசிரியர் கையாளுகிறார். நோயாளிகள் கூறியனவாக வரும் சில பகுதிகள் அவரே புனைந்தவை என்ற குற்றச்சாட்டும் பின்னாளில் எழுந்துள்ளது. அஃது உண்மையாயின், பணியாளர் நோயாளியின் வாயை அடைத்தார். ஆசிரியரோ அவ்வாயில் தம் சொல்லை இட்டார். இரண்டும் செவிசாய்க்க மறுத்தலின் இரு வடிவங்களே.

1995இல் வெளிவந்த 'செவ்வாய்க் கோளில் ஒரு மானிடவியலாளர்' என்னும் அவரது மற்றொரு நூல் இவ்வகையில் ஒரு படி முன்னேற்றம் எனலாம். அதன் தலைப்பே, ஆட்டிசம் உடைய விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் தம்மைப் பற்றிக் கூறிய உவமை. கிராண்டின் 1986இலேயே தம் வரலாற்றை நூலாக வெளியிட்டவர். தன்மையிடத்தில் நின்று பேசவல்ல ஒருவரைப் பிறர் படர்க்கையில் அடக்கிவிடுதல் எளிதன்று.

பேசாமை அறியாமையாகாது. பெற்றோரைக் கேட்குமுன் நோயாளியையே கேட்டல், விடைக்குக் காத்திருத்தல், எழுத்தாலோ படத்தாலோ தரும் விடையையும் விடையாக ஏற்றல் ஆகிய இம்மூன்றும் பொருட்செலவின்றி எய்தத்தக்கவை. மருத்துவரும் தாதியரும் இந்நூல்களை அவற்றின் நிறைகுறைகளோடு கற்பாராயின், ஹோசேயின் முகம் வெளிறியது ஏன் என்பதை உணர்வர்.