வேகத்துக்குப் பரிசு, இதயத்துக்குச் சோதனை

கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. 1843இல் ஃபேரர் பார்க் பக்கம் தொடங்கி, 1933இல் புக்கிட் தீமாவுக்கும் பிறகு கிராஞ்சிக்கும் இடம் மாறிய விளையாட்டு அத்தோடு சிங்கப்பூரை விட்டுப் போனது. தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். அங்கே மீன்தலைக் கறி சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியும் என்பது சந்தேகம்தான்.

பந்தயம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு குதிரைப் பிரியர்கள் சிலரிடம் ஒரு புது வாதம் கிளம்பியிருக்கிறது. சூதாட்டம் இல்லை, சவுக்கு இல்லை, கட்டத்துக்குக் கட்டம் கால்நடை மருத்துவர் இருக்கிறார், ஆகவே குதிரை விளையாட்டென்றால் இனி நெடுந்தூர ஓட்டம்தான் என்கிறார்கள். 2020இல் விதிகள் இறுகிவிட்டதால் பழைய குறைகளெல்லாம் தீர்ந்தன என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே திரங்கானுவில் 2008ஆம் ஆண்டு உலகப் போட்டி நடந்ததையும், அப்போது மலேசியாவின் மாமன்னராக இருந்த சுல்தான் மிசானே இந்த விளையாட்டில் குதிரை ஓட்டியவர் என்பதையும் நினைவூட்டுகிறார்கள்.

இதில் ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். சவுக்குக்கும் குதிமுள்ளுக்கும் இங்கே தடை உண்டு. 160 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்க வேண்டும். நடையில் நொண்டல் தெரிந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. வேறு எந்தக் குதிரை விளையாட்டிலும் ஓட்டத்தின் நடுவே மருத்துவருக்கு இவ்வளவு அதிகாரம் கிடையாது. அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2020இல் கொண்டுவந்த மாற்றங்களும் வெறும் ஒப்புக்கு வந்தவையல்ல. சுற்றுகளுக்கு இடையே துடிப்பை இறக்கிக் காட்டுவதற்கான அவகாசம் 20 நிமிடத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. அடுத்தடுத்து விலக்கப்படும் குதிரைகளுக்குக் கட்டாய ஓய்வு நீண்டது. நல்லது.

ஆனால் இத்தனை சோதனை விதிகளும் குதிரை நின்ற பிறகுதான் வேலை செய்கின்றன. குதிரை சாவது ஓடும்போது.

என் ஆட்சேபம் இந்த ஒன்றுதான். பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். சோதனைச் சாவடியில் அளப்பது இதயத்தை. பரிசு கொடுப்பது வேகத்துக்கு. முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டுகிற குதிரைக்கே வெற்றி என்று வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி எத்தனை வேலி கட்டினாலும், பயிற்சியாளரின் மூளை வேலியைத் தாண்டும் வழியைத்தான் தேடும். அரபுக் குதிரையின் இதயம் பயிற்சிக்கு வெகு சீக்கிரம் பழகுகிறது. சில மாதக் கடும் பயிற்சியும், சுற்று முடிந்ததும் உடம்பெங்கும் ஊற்றப் பனிக்கட்டித் தண்ணீரும், வேலை தெரிந்த நாலு உதவியாளர்களும் இருந்தால் நிமிடங்களில் துடிப்பு இறங்கிவிடும். எலும்பு அப்படிப் பழகாது. அது உறுதிப்பட ஆண்டுக்கணக்காகும். மேடுபள்ளமில்லாத பாலைவனத் தடத்தில், நடையை மாற்றாமல் மணிக்கணக்கில் ஒரே பாய்ச்சலில் ஓடும் குதிரையின் முன்னங்கால் எலும்பில் ஒவ்வோர் அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. மயிரிழைக் கீறல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. இவை மருத்துவரின் காதுக்குழலுக்குக் கேட்பதில்லை. இதயம் தேறிவிட்டது என்று அனுப்பிவைத்த குதிரை அடுத்த சுற்றில் கால் முறிந்து விழுகிறது.

2015இன் தொடக்கத்தில் அபு தாபியின் அல் வத்பாவில் ஸ்பிலிட்டர்ஸ் கிரீக் பண்டி என்ற குதிரைக்கு இரண்டு முன்னங்கால்களும் முறிந்தன. படம் உலகெங்கும் பரவியது. அந்த மார்ச் மாதமே சம்மேளனம் ஐக்கிய அரபு சிற்றரசுகளின் குதிரையேற்ற அமைப்பை இடைநீக்கம் செய்து, சில மாதங்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2016இல் பிரான்சின் ஃபோன்டென்புளோவில் காசல்பார் கான்ட்ராபேண்ட் என்ற குதிரை கால் முறிந்து கருணைக்கொலை செய்யப்பட்டது. வலி தெரியாதபடி காலை மரக்கச் செய்யும் ஊசி அதற்குப் போடப்பட்டிருந்தது என்று தீர்ப்பாயம் முடிவுகட்டி, 2020இல் ஓட்டியவருக்கு 20 ஆண்டுத் தடை விதித்தது. வலி தெரிந்தால் குதிரை நொண்டும், நொண்டினால் மருத்துவர் நிறுத்திவிடுவார், ஆகவே ஊசி. விதியை ஏமாற்றினார்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். எதற்காக ஏமாற்றினார்கள் என்று கேட்டால் பதில் பரிசில் போய் நிற்கிறது.

இந்த விளையாட்டின் ஆதரவாளர்களிடம் எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டுவது இன்னொன்று. அனைத்துலக ஓட்டங்களில் புறப்படும் குதிரைகளில் ஏறக்குறையப் பாதி, ஓட்டத்தை முறைப்படி முடிப்பதில்லை. விலக்கப்படுபவற்றில் பெரும்பகுதி நொண்டலால் விலக்கப்படுகின்றன. இதைச் சொன்னால், பார்த்தீர்களா, சோதனை எவ்வளவு கறாராக நடக்கிறது என்று பெருமைப்படுகிறார்கள். பள்ளிப் பேருந்துகளில் பாதி சோதனையில் தேறவில்லை என்றால் நாம் சோதகரைப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போவோமா, பேருந்தை அனுப்பியவர் யார் என்று கேட்போமா?

சம்மேளனத்துக்கு இது தெரியாமலில்லை. அதன் விதிப்புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. ஓட்டத்தில் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிய குதிரைக்கு, வழக்கமான ஓய்வுக்கு மேல் இன்னும் 7 நாள் ஓய்வு கட்டாயம். அப்படியானால் 20 என்பது உடம்பைக் கெடுக்கும் எல்லை என்று விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. எல்லையைத் தாண்டாதே என்று சொல்ல மட்டும் மனம் வரவில்லை. தாண்டிக்கொள், கோப்பையை வாங்கிக்கொள், பிறகு ஒரு வாரம் படுத்துக்கொள் என்கிறார்கள். வளைகுடாவின் பெரிய ஓட்டங்களில் வெல்கிறவர்கள் 160 கிலோமீட்டரையும் 25க்கு மேற்பட்ட சராசரியில் முடிக்கிறார்கள், கடைசிச் சுற்றில் 30ஐயும் தாண்டுகிறார்கள். அவர்களுக்கு 7 நாள் ஓய்வு ஒரு தண்டனையா? அந்த லாயங்களில் குதிரைக்கா பஞ்சம்?

வேகத்துக்கு உச்சவரம்பு வைத்தால் அது போட்டியே அல்ல, ஊர்வலம் என்று ஒரு கேலி உண்டு. அபு தாபியின் புதீப் கிராமத்தில் காலஞ்சென்ற ஷேக் சுல்தான் பின் சாயித் அதைச் செய்தே காட்டினார். மணிக்கு 20 கிலோமீட்டர்தான் உச்சம், துடிப்பு 56க்கு இறங்க வேண்டும். ஓட்டத்தை முடித்த குதிரைகளின் விகிதம் அங்கே உயர்ந்தது. நோய் எந்த நாட்டில் முற்றியதாகச் சொல்கிறார்களோ அங்கேதான் மருந்தும் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பை நெடுந்தூர ஓட்டத்தில், முதலில் வருவதற்கு ஈடாக, முன்னணிக் குதிரைகளில் நல்ல உடல்நிலையில் இருப்பதற்குத் தரும் ஹாகின் கோப்பையையும் மதிக்கிறார்கள். மலைத்தடம் வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்துகிறது. ஊர்வலம் என்று அதை யாரும் ஏளனம் செய்வதில்லை. பிறகு ஏன் சம்மேளனம் வேக வரம்பை எல்லா நாட்டுக்கும் விதியாக்கவில்லை? பெரிய பரிசுப் பணமும், குதிரைகளைப் பெரிய விலைக்கு வாங்கும் சந்தையும் வேகத்தை நம்பி நிற்கின்றன. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தடத்தின் தன்மை ஊருக்கு ஊர் மாறும், ஒரே வரம்பு பொருந்தாது என்ற விளக்கத்தை நான் பொருட்படுத்தவில்லை.

ஜல்லிக்கட்டையும் சிலர் இங்கே இழுக்கிறார்கள். 2017இல் விதி வந்தது, மருத்துவர் வந்தார், 2023இல் இந்திய உச்ச நீதிமன்றமும் ஏற்றது, குதிரைக்கு மட்டும் என்ன என்கிறார்கள். ஜல்லிக்கட்டைப் பற்றிய என் கருத்து வேறு கதை. ஆனால் வாடிவாசலைத் தாண்டி வரும் காளையின் ஆட்டம் நொடிக்கணக்கில் முடிந்துவிடுகிறது. நெடுந்தூர ஓட்டமோ பொழுது புலர்ந்து பொழுது சாயும் வரை போகிற காரியம்.

நம் பக்கத்து வானிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குதிரை உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் வியர்வையால். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து ஓடும். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் டிரையனில் உலகப் போட்டியையே வெப்பமும் ஈரப்பதமும் பாதியில் நிறுத்தவைத்தன. பல குதிரைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, ஒன்று பிறகு இறந்தது. அங்கே வந்திருந்தவை உலகின் தேர்ந்த குதிரைகள், பார்த்துக்கொண்டவர்கள் உலகின் தேர்ந்த மருத்துவர்கள். அந்த ஈரப்பதம் நமக்கு ஆண்டு முழுக்க உள்ளது. மெதுவாக ஓட்டினாலே சிரமம், வேகத்துக்குப் பரிசு வைத்து ஓட்டுவதை எப்படி நியாயப்படுத்துவது?

ஆகவே ஜொகூரிலோ திரங்கானுவிலோ நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆதரவு தரச் சொல்லி, நன்கொடை கேட்டு, பார்வையாளராக வரச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். உச்ச வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். வரம்பு இல்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள், போகவும் போகாதீர்கள்.